வரிசையில் நின்ற செருப்புகள்

இன்னும் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. போய்க் கேட்பதற்கென்று இருந்த ஆபீசைத்தான் முதல் வருஷமே மூடிவிட்டார்களே! தெருவிளக்கு முதலில் ஒன்று விட்டு ஒன்று எரிந்தது, பிறகு இரண்டு விட்டு ஒன்று எரிந்தது, இப்போது பண்டிகைக்குப் பண்டிகை எரிகிறது. ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, இருட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். பழகியவர்களுக்கு விளக்கு எதற்கு என்று அரசாங்கம் அதையும் குறித்துக்கொண்டது.

செம்பூர் பக்கம் இருக்கிற பொது ஆஸ்பத்திரிக்கும் இதே கதிதான். லிஃப்ட்காரர் ரிடையர் ஆனார். அவர் இடத்துக்கு ஆள் போடக் கூடாது என்று ஓர் உத்தரவு. வேறு யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது என்று இன்னோர் உத்தரவு. ஆகவே லிஃப்ட் நல்ல நிலையில் கீழே நிற்கிறது, நோயாளிகள் மூன்று மாடி ஏறுகிறார்கள். பெஞ்சுகளை ஏலம் விட்டார்கள். வந்த காசு ஏலம் நடத்திய செலவுக்குச் சரியாகப் போய்விட்டதாம். மூன்றாம் மாடியில், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் மெஷின் ஆறு இருந்தது. அது வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அந்த ஒற்றை மெஷினை நம்பித்தான் தாராவி நெல்லையப்பனின் பெண்டாட்டி சண்முகவடிவு உயிரோடு இருந்தாள்.

நெல்லையப்பனுக்குத் தொண்ணூறு அடி ரோட்டில், ஸ்கூல் பை தைக்கிற ஒரு கார்கானாவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தையல் மெஷினை மிதித்தே காது பாதி மந்தமாகிப் போன மனுஷர். பிள்ளைகுட்டி கிடையாது. வடிவுக்கு வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் முகம் வீங்கும், மூச்சு முட்டும். ஊசி போடுவதற்காக அவள் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் நெல்லையப்பன் முதலில் அங்கேதான் விரலை வைப்பார்.

"ஓடுதா?" என்பாள் வடிவு, கண்ணைத் திறக்காமலே.

"ஓடுதுளா" என்பார். அப்புறம்தான் பல் தேய்க்கப் போவார்.

பெஞ்சு இல்லாத வராந்தாவில், வீங்கின காலை வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் வரிசையில் நிற்பது? பம்பாய்க்காரனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன? ட்ரெயினில் சீட்டுக்குக் கைக்குட்டை போடுகிறவன், குழாயடியில் தனக்குப் பதிலாகக் குடத்தை நிறுத்துகிறவன். நோயாளிகள் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டுச் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டார்கள். பார்த்தது நிர்வாகம். அடடா, டோக்கன் அடிக்கிற காசு மிச்சமாயிற்றே என்று புளகாங்கிதம் அடைந்து, 'காலணி வரிசைத் திட்டம்' என்று அதற்குப் பெயர் சூட்டி, குத்துவிளக்கு ஏற்றித் திறந்து வைத்தது. எண்ணெய் கிடையாது. ஏற்றுவதுபோல் கையைக் கொண்டுபோனார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

திட்டத்தின் சட்டங்கள் எளிமையானவை. செருப்பின் அடியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஜோடி ராத்திரியும் பகலும் வரிசையிலேயே கிடக்க வேண்டும். பெயரைக் கூப்பிடும் முன் எடுத்தால் முறை போயிற்று. டயாலிசிஸ் முடிந்தால் செருப்பு வரிசையின் கடைசிக்குப் போகும், நோயாளி வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார். பெயரைக் கூப்பிட்டு ஆள் வராவிட்டால், நோயாளியின் உரிமையை மதித்து மெஷின் ஒரு மணி நேரம் காத்திருக்கும். அதற்கும் வராவிட்டால் அந்தச் செருப்பும் கடைசிக்குப் போகும். வீட்டில் செத்துப்போனவர்களின் பெயரை அடிப்பதற்கு முன்பு ஒரு குமாஸ்தா இருந்தார். அவர் இடம் காலி. ஆகவே காலணி வரிசையில் ஒருவரும் சாவதில்லை. 'எட்டு ஆண்டுகளாக மரணமற்ற வரிசை' என்று படிக்கட்டில் போர்டுகூடத் தொங்குகிறது.

வடிவின் செருப்பு சிவப்பு வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தாள். அதனால் இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். முறை வந்து அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், தப், சரக், தப், சரக் என்று மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும். தண்ணீர்க் குழாய் ஒழுகி வராந்தா எப்போதும் நசநசவென்று கிடக்கும், அதை அடைப்பதற்கும் ஆள் இல்லை. ஆகவே அவள் உள்ளே போகும்போதெல்லாம் நெல்லையப்பன், "மெதுவாப் போ வடிவு, தரை ஈரமா கெடக்கு" என்பார். அவள் ஒரு நொடி நின்று, அப்புறம் மெதுவாக நடப்பாள். கேட்டுவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

வரிசையைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி உண்டு. வரிசைக் கண்காணிப்பு அதிகாரி மகாதேவன், மாதுங்காக்காரர். அவர் ரிடையராகியே இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் இடத்துக்கும் ஆள் போட முடியாதே! அதனால் தம்முடைய காலி இடத்தில் தாமே சம்பளமில்லாமல் உட்கார, மன்னிக்கவும், நிற்க வந்துகொண்டிருந்தார். நாற்காலியை அவர் முன்மாதிரியாக முதலிலேயே ஒப்படைத்துவிட்டார். திங்கட்கிழமைதோறும் செருப்பு ஜோடிகளை எண்ணுவார், எண்ணி முடித்ததும் ஒரு சொற்பொழிவு.

"நீங்கள்ளாம் யாருன்னு உங்களுக்கே தெரியலை" என்று ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தார். "ஒரு நாளைக்கு இவ்ளோதான் ஜலம்னு டாக்டர் சொல்லியிருக்கார். உப்பு கூடாது, பழம் கூடாது. நீங்க யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசறேளா? பன்னெண்டு வருஷமா கவர்மெண்ட் இந்தத் தேசத்துக்கிட்ட என்ன கேட்டுண்டிருக்கோ, அதை நீங்க செஞ்சு காட்டறேள். நீங்கதான் உத்தமப் பிரஜைகள். ஆரோக்கியமா இருக்கறவாதான் எங்களுக்குத் தொந்தரவு. அவாளுக்குப் பசிக்கறது."

வடிவு நெல்லையப்பனின் மந்தமில்லாத காதருகே குனிந்தாள். "ஏங்க, இந்த மனுசன் நம்மள வாழ்த்துதாரா, வையுதாரா?"

"வெளங்கலளா. எல்லாரும் தட்டுதாவ, நீயும் தட்டு."

"ஊசி போட்ட கையி. எனக்கும் சேத்து நீங்களே தட்டுங்க."

மழைக்காலம் வந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் வந்த முறை ஒரு தரமாயிற்று. அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தரமாயிற்று. வடிவின் முகம் காலையில் உப்பிக் கிடந்தது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். வரிசை ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று நெல்லையப்பன் கவனித்துப் பார்த்தார்.

"கோகிலவாணி! கோகிலவாணி!" என்று நர்ஸ் விஜயலக்ஷ்மி வாசலில் நின்று கூப்பிட்டாள். மூன்று வார்டுக்கும் அவள் ஒருத்திதான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கோகிலவாணி தேவ்நாரில் டியூஷன் எடுத்த டீச்சர், செத்து மூன்று மாசமாகிறது. நெல்லையப்பனே சாவுக்குப் போய் வந்தவர். அவளுடைய குதி தேய்ந்த கறுப்புச் செருப்பு வரிசையின் முதலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தது. அவள் செத்துவிட்டாள் என்று வராந்தாவில் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்து சுரேந்திரன், ஆட்டோக்காரர், போன தீபாவளிக்கே போய்ச் சேர்ந்தவர். அவருக்கும் ஒரு மணி நேரம். எண்ணிப் பார்த்தால் வரிசையில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஜோடிகள்தான். கோகிலவாணிக்காகப் போட்டு வைத்த விரிப்பு நடுவில் லேசாகக் கசங்கிக் கிடந்ததை வடிவு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"டீச்சரக்கா வந்துட்டுத்தான் போறா போல" என்றாள்.

"சும்மா கெட. செத்தவ செருப்பை ஒதுக்காம போட்டு வச்சா அவ எங்க போவா? பாவமில்லையா?" நெல்லையப்பனுக்கு எரிச்சலும் பயமும் ஒன்றாக வந்தது. அவர் ஆட்களிடத்தில் செத்தவர் செருப்பை வீட்டில் வைப்பதில்லை. சுடுகாட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். இங்கே என்னவென்றால் வரிசையில் நிற்க வைத்து, நாளுக்கு நாள் பெயர் சொல்லி வேறு கூப்பிடுகிறார்கள்! செத்தவர்களுக்கும் நிம்மதி, வடிவுக்கும் முறை சீக்கிரம் வரும். நல்ல காரியம்தானே என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக, கார்கானாவில் ஜிப் கோணலாகிக் கழித்துப் போட்ட பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். செத்தவர்களின் ஜோடிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டார். காவல்காரர் முகம்மது ஹனீப் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நெல்லை பாய், ஹாத் மத் லகாவோ! அதுல கை வைக்காதீங்க. இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

"நீரு சும்மா இரும், வே. செத்தவங்களுக்கு எதுக்கு டயாலிசிஸ்?"

"அவங்களுக்கு இல்ல பாய்..." என்று ஹனீப் ஆரம்பிப்பதற்குள் நெல்லையப்பன் படியிறங்கிவிட்டார். அவருக்குப் பாதிதான் காது கேட்கும் என்பதை முன்னமே சொல்லியிருக்கிறேன்.

அன்று பகலில் ஜோடிகளை அந்தந்த வீட்டில் ஒப்படைக்கலாம் என்று கார்கானாவுக்கு லீவு போட்டு அலைந்தார். ஒருவரும் வாங்கவில்லை. "அண்ணாச்சி, அதை வாசல்ல வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று டீச்சரின் தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டாள். தூர எறியவும் மனசு வரவில்லை. பையைக் கார்கானாவின் பரண்மேல் ஏற்றி வைத்தார்.

சாயங்காலம் வடிவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனால், மெஷினுக்கு மாலை போட்டு, கூலியாட்கள் அதைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்கள். விஜயலக்ஷ்மி சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். மகாதேவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"மகிழ்ச்சியான சமாசாரம்!" என்றார். "இன்னிக்குக் கார்த்தால எண்ணினேன். ஜோடி பாதிக்கும் கீழ போயிடுத்து. பாதிக்குக் கீழ போனா மெஷின் உபரின்னு ரூல். வியாதி குறைஞ்சுடுத்துன்னு அர்த்தம். ஹெட் ஆபீஸுக்குச் சொன்னேன், அரை நாள்ல லாரி வந்துடுத்து. ஆள் போடத்தான் அவா பன்னெண்டு வருஷம் யோசிப்பா, எடுத்துண்டு போறதுன்னா அரை நாள் போறும்!"

நெல்லையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, வியாதி ஒண்ணும் கொறையல. அது பூரா செத்தவங்க செருப்பு. நாந்தான் எடுத்தேன். எம் பொண்டாட்டிக்கு முறை வரட்டும்னு எடுத்தேன். தெரியாமச் செஞ்சுட்டேன் சார். உயிரோட இருக்கவங்க பாருங்க, இந்தா உக்காந்திருக்காவ."

"ஜீவனோட இருக்காளா இல்லையாங்கறது வேற டிபார்ட்மெண்ட், ஓய். அதையும் மூடியாச்சு. நாங்க ஜோடி மட்டும்தான் எண்ணுவோம்." சொல்லிவிட்டு மகாதேவன் சட்டென்று நிறுத்தினார். கண் விரிந்தது. "அப்போ இத்தனை நாளா இருந்தது பொய் டிமாண்டா? அதை நீரே, ஒத்தையாளா, செலவில்லாம அகற்றினீரா? ஓய், நீர் சாமானியப்பட்டவர் இல்லை!"

அங்கேயே, அப்போதே நெல்லையப்பனுக்குச் 'சிக்கனச் செம்மல்' என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. காகிதச் செலவு கூடாதென்பதால் பட்டத்தை மகாதேவன் வாயால் சொன்னார். அதையும் அவருடைய மந்தமான காதுப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார். பட்டத்தோடு ஒரு சலுகையும் உண்டு. என்றைக்காவது மெஷின் திரும்பி வந்தால் செம்மலின் சம்சாரத்துக்குத்தான் முதல் முறை. கூலியாட்கள் கைதட்டினார்கள். வடிவு சுவரோரம் உட்கார்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மாலையோடு படியிறங்குகிற மெஷினைப் பார்த்தாள்.

"போறதப் பாத்தா நமக்கு முன்னால அது போவும் போல" என்றாள்.

மறுநாள் பாண்டுப்பில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கேயும் ஒரு வராந்தா, அங்கேயும் கண்ணுக்கெட்டிய மட்டும் செருப்பு. வடிவின் சிவப்புச் செருப்பைக் கடைசியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பினார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசல்வரை போய், ஒரு தரத்துக்கு எவ்வளவு பணம் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, அங்கிருந்தும் திரும்பினார்கள். ட்ரெயினில் அவள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

"செருப்பெடுத்தது நல்லதுக்குத்தான எடுத்தீங்க" என்றாள். "அதையே நெனச்சுக்கிட்டுச் சாப்பிடாம கெடக்காதீங்க."

நெல்லையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த வாரம் முடியவில்லை. ஒரு காலை நேரம் எழுந்து, வழக்கம்போல அவள் கையில் விரலை வைத்தார். கிர்ரென்று எதுவும் ஓடவில்லை. விரலை இங்கே வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார். ஓடுதா என்று யாரும் கேட்கவுமில்லை. பக்கத்து வீட்டார் வந்து எடுக்கும்வரை விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்ததும் பாண்டுப்புக்குப் போய்ச் சிவப்புச் செருப்பை எடுத்தார். "எடுத்தால் முறை போய்விடும்" என்று அங்கிருந்த காவல்காரன் எச்சரித்தான். "போவட்டும்" என்றார். அதை விட்டுவிட்டு வர ஒரு சுடுகாட்டுக்கும் அவர் போகவில்லை. கார்கானாவுக்கு வந்து பரண்மேல் இருந்த பையை இறக்கினார். ஹனீப் அன்றைக்குச் சொல்ல வந்தது என்ன என்பது இப்போது காது தேவைப்படாமலே அவருக்கு விளங்கியிருந்தது. அந்தச் செருப்புகள் டயாலிசிஸுக்காக நிற்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த ஒற்றை மெஷினாவது மிஞ்சட்டும் என்றுதான் நின்றன. பாவி மனுஷன், அதைக் கலைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹனீப்பும் விஜயலக்ஷ்மியும் கூட இருந்து, வடிவின் செருப்பையும் சேர்த்து, ஜோடி ஜோடியாக அடுக்கினார்கள். டீச்சர் எங்கே நின்றாள், சுரேந்திரன் எங்கே நின்றார் என்று விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஜோடியையும் வைக்கும்போது நெல்லையப்பன், "மன்னிச்சுக்கோங்க, கொஞ்ச நாளைக்கு நில்லுங்க" என்று முணுமுணுத்தார். சொன்ன பிறகுதான் கொஞ்ச நாள் என்பது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

திங்கட்கிழமை மகாதேவன் எண்ண வந்தார். வரிசை குறைந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. வரிசை இல்லாத இடத்தில் வரிசைக் கண்காணிப்பு அதிகாரி எதற்கு என்று மேலே கேட்டுவிட்டார்களாம். கறுப்புச் செருப்பின் முன்னால் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"எல்லா ஜோடியும் நேக்குத் தெரியும், ஓய்" என்றார் மெதுவாக. "நாற்காலி, ஃபேன், சம்பளம், எல்லாம் குடுத்தாச்சு. வீட்டுல விசாலாக்ஷி கேக்கறா, அப்போ எதுக்குன்னா தினமும் போறேள்னு. போகாம ஆத்துல இருந்தா நானும் உபரிதானே? கேள்வி கேக்கற அதிகாரம் மட்டும் நேக்குக் குடுக்கலை. அதனால கேக்கலை." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டிமாண்ட் பூர்த்தியாக இருப்பதாக உரக்க அறிவித்தார்.

மெஷின் திரும்பி வருவதற்கு ஒரு மாசம் பிடித்தது. விழாவும் உண்டு. ரிப்பனை வெட்டினால் வீணாகிவிடும் என்று முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், எடுத்துச் சென்ற பொருளைத் திருப்பித் தருகிற அளவுக்கு நாடு வளர்ந்துவிட்டது என்று பேசினார். பேசி முடித்ததும் மகாதேவன் விஜயலக்ஷ்மிக்குக் கையைக் காட்டினார். சொன்ன சொல் தவறாத மனுஷர் அவர்.

"சண்முகவடிவு!" என்று விஜயலக்ஷ்மி கூப்பிட்டாள். "சண்முகவடிவு நெல்லையப்பன்!"

வரிசையின் முதலில் சிவப்பு வார் வைத்த செருப்பு நின்றது. மெஷின் உள்ளே உறும ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு மணி நேரம் அது காலிக் கட்டிலுக்காக ஓடும். நெல்லையப்பன் சுவரோரமாகப் பார்த்தார். மான்குர்த்திலிருந்து வருகிற அஸ்ரின் என்ற பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுகூட இருக்காது, முகம் வடிவின் முகம்போலவே உப்பியிருந்தது. அவள் செருப்பு வரிசையின் கடைசியில் எங்கேயோ கிடந்தது.

"இருக்கா சிஸ்டர்" என்றார் நெல்லையப்பன். "சண்முகவடிவு இருக்கா."

போய்ச் சிவப்புச் செருப்பைக் கையில் எடுத்து வந்து, அஸ்ரின் காலடியில் குனிந்து வைத்தார்.

"போட்டுக்கோ தாயி. ஒன்னத்தான் கூப்பிடுதாவ."

"நான் அஸ்ரின், சாச்சா" என்றாள் அந்தப் பெண், பயந்துபோய்.

"அது தெரியும். இன்னைக்கு மட்டும் சண்முகவடிவா இரு. நாளைக்கு இன்னொருத்தி இருப்பா."

அஸ்ரின் விஜயலக்ஷ்மியைப் பார்த்தாள். விஜயலக்ஷ்மி தலையை ஆட்டினாள். மகாதேவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் செருப்புக்குள் காலை விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஊக்கு குத்திய வார் கழன்றுவிடும்போல இருந்ததால் இடது காலை இழுத்தாள். தப், சரக், தப், சரக்.

நெல்லையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மந்தமான காதுக்கும் அது கேட்டது.

"மெதுவாப் போ வடிவு, தரை ஈரமா கெடக்கு" என்றார்.

அந்தச் சத்தம் ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாக நடந்தது.